ஏமாத்திற மாதிரி இருக்கு மிஸ்

“இவ்வளவு வடிவாச் சூப்புறானே, பிறகேன் இந்தக் குழாய்?”

குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் தாதியான என்னிடம் அந்தக் கொட்டாஞ்சேனைத் தாய் கேட்டதில் நியாயம் இருந்தது. 30 கிழமையில் பிறந்து 33ஐத் தொட்ட பிள்ளை, பால் கொடுக்க வாய்வழியாக வயிற்றுக்குப் போன குழாயையே சூப்பிக்கொண்டு கிடந்தான்.

“சூப்புறது வேற, குடிக்கிறது வேற தங்கச்சி” என்றேன். அது சரியான பதில்தான். வெறும் வாயாகச் சூப்பும்போது செக்கனுக்கு இரண்டு தடவை இழுப்பார்கள். பால் வரத் தொடங்கினால் வேகம் பாதியாகிவிடும். விழுங்கவும் வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். சூப்பும் பழக்கம் தாயின் வயிற்றுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மூன்றும் ஒத்துவருவது பெரும்பாலும் 34 கிழமை வாக்கில்தான். அவசரப்பட்டால் புரையேறும், பிள்ளை நீலம் பாய்ந்துவிடும்.

அதனால், பாலைக் கறந்தெடுத்துவிட்டு வெறும் மார்பில் விடச் சொன்னேன். அதே நேரத்தில் நான் சிரிஞ்சை உயர்த்திப் பிடிப்பேன், பால் தன்பாட்டில் குழாயால் இறங்கும். வாய் சூப்பும்போதே வயிறு நிறைந்தால், பிறகு மார்புக்குப் பழகுவது சுலபம்.

“வெறும் மார்பையா? ஏமாத்திற மாதிரி இருக்கு மிஸ்.”

சிங்களத்தில் விளக்கியபோதெல்லாம் தலையாட்டியவள். தமிழில் பேச ஆள் கிடைத்ததும் இதைக் கேட்டுவிட்டாள். ஏமாற்று இல்லை, பழக்கம் என்றேன். தலையாட்டவில்லை.

அடுத்த தடவை அவள் முழுதாகக் கறக்கவில்லை. கோப்பையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளையை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அவன் நாலைந்து முறை இழுத்து நின்றான். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. மூச்சு. திரும்ப இழுத்தான். நான் பார்த்தது மொனிட்டரை. இரத்தத்தில் ஒக்சிஜன் 94 வீதத்தை விட்டு இறங்கவில்லை.

34 என்பது ஒரு சராசரிதானே, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். சில இடங்களில் கிழமைக் கணக்கை விட்டு, பிள்ளை காட்டும் அறிகுறியைப் பார்த்து இன்னும் முந்தியே மார்பில் விடுகிறார்கள். சரி. ஆனால் அந்த நேரத்தில் நான் இதையெல்லாமா யோசித்தேன்? அவள் தமிழில் கேட்டதால் இளகிப்போனேனா? அவன் பிறகு நன்றாகக் குடித்து வீட்டுக்குப் போனான், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதே கிழமை இன்னொரு தாய் கேட்டபோது, 34 ஆகட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சார்ட்டில் குழாய்வழி 18 மில்லி என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை.