மீந்த பெயின்ட்டும் ஒரு வாளிப் படிகாரத் தண்ணீரும்

பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்தபோது, பெயின்டர் அண்ணன் மீந்த டப்பாக்களை மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிட்டுப் போனார். அங்கே முன்பே அடுக்கியவையும் இருந்தன. என்ன செய்வது என்று கேட்டேன். தண்ணீர் விட்டுக் கலக்கிச் சாக்கடையில் ஊற்றிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். திருச்சியில் எங்கள் தெருச் சாக்கடை உய்யக்கொண்டான் வாய்க்காலில் போய்ச் சேர்கிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் அந்தச் சோழர் காலத்து வாய்க்காலை நம்பி இன்றைக்கும் வயல்கள் இருக்கின்றன. ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 18

எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரம் பிரித்தேன். நான்கு டப்பா எமல்ஷன், ஒரு வெளிச்சுவர் பெயின்ட், இரண்டு எனாமல், ஒரு பாட்டில் டர்பன்டைன். எமல்ஷனும் வெளிச்சுவர் பெயின்ட்டும் தண்ணீரில் கரைபவை. எனாமல் எண்ணெய் வகை, எளிதில் தீப்பற்றும். இவ்விரண்டையும் ஒரே முறையில் கையாளக் கூடாது என்பதால் முதலிலேயே தனித்தனி மூலைகளில் வைத்துவிட்டேன்.

ஒரு எமல்ஷன் டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கிருமி பற்றிக் கெட்டுப்போனது, சுவருக்கு ஆகாது. மற்ற மூன்றும் நன்றாகவே இருந்தன. வெள்ளை ஒன்றரை லிட்டரை எதிர்வீட்டு அக்கா தன் சமையலறைச் சுவருக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல பெயின்ட்டைச் சுவரில் பூசித் தீர்ப்பதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை. அடர்ந்த பச்சையையும் மஞ்சளையும் யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 25

எமல்ஷனைக் கெட்டியாக்கும் வேலை. நாற்றமடித்ததையும் பச்சையையும் நான்கு விதமாகச் சோதித்தேன்.

மரத்தூள்: தச்சுப் பட்டறையிலிருந்து அரை மூட்டை கொண்டுவந்து, பெயின்ட்டுக்குச் சம அளவு போட்டுக் கிளறினேன். மேலே காய்ந்து, அடியில் ஐந்து நாள் கழித்தும் ஈரமாகவே இருந்தது. தினமும் கிளறிவிட வேண்டும்.

மணல்: காய்வதற்கு இன்னும் நாளாகிறது. டப்பாவையும் தூக்க முடியவில்லை. இனி மணல் வேண்டாம்.

சிமென்ட்: வீட்டில் கட்டிதட்டிப் போகவிருந்த சிமென்ட் இரண்டு கைப்பிடி. போட்ட உடனே பெயின்ட் தயிர்போல் திரிந்து, மறுநாள் காலையில் கல்லாகிவிட்டது. வேகத்தில் இதுதான் முதலிடம். ஆனால் டப்பாவும் அதோடு சேர்ந்து கல்லாகி, பழைய இரும்புக்குப் போடமுடியாமல் ஆனது.

நான்காவது, வடகம் போடுவதுபோல. மொட்டைமாடியில் பாலிதீன் விரிப்பைப் பரப்பி, நான்கு மூலைகளிலும் கல் வைத்து, பெயின்ட்டை ஊற்றித் துடைப்பக் குச்சியால் மெல்லியதாக இழுத்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு ஊற்றியது. மாலையில் ஓரத்தைக் கிள்ளினால், பாலாடையைப்போல முழுசாக உரிந்து வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பாலிதீனின் பளபளப்பு, மறுபக்கம் பச்சையில் அழுத்தமாகப் பதிந்த காக்கைக் கால்கள், மூன்று விரல் முன்னால், ஒரு விரல் பின்னால். அந்தக் காக்கை ஈரப் பெயின்ட்டோடு எங்கே போய் உட்கார்ந்ததோ என்று மனம் கஷ்டப்பட்டது. அடுத்த முறை பழைய கொசுவலையை மேலே உயர்த்திக் கட்டினேன். காற்றடிக்கும் நாளில் இதைச் செய்யக் கூடாது. உரிந்து வருவது பிளாஸ்டிக் படலம்தான். கிழிந்து பறந்தால் அதுவும் வாய்க்காலுக்குத்தான் போகும். வடகம் போடும் இடத்தை அம்மா அன்றே மாற்றிவிட்டார்கள். அது நியாயம்தான்.

பிப்ரவரி 1

டப்பாவில் இருக்கும் பெயின்ட்டைப் பற்றி மட்டுமே இவ்வளவு நாளும் யோசித்திருக்கிறேன். பிரஷ்ஷும் ரோலரும் கழுவிய தண்ணீரை என்ன செய்வது? மிச்ச மஞ்சளைக் கொண்டு கொல்லைக் கதவடிச் சுவரைப் பூசிவிட்டு, பத்து லிட்டர் வாளியில் எல்லாவற்றையும் கழுவினேன். தண்ணீர் மஞ்சள் பாலாக நின்றது. மூன்று நாள் அப்படியே வைத்தும் தெளியவில்லை. பெயின்ட்டில் உள்ள துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தண்ணீரில் மிதப்பவை. தாமாக அடியில் தங்காது.

கலங்கல் தண்ணீரில் பாட்டி படிகாரக் கட்டியைச் சுழற்றியது நினைவுக்கு வந்தது. அதேபோலச் சுழற்றினேன். பலனில்லை. ஆற்றுக் கலங்கலைவிட இதில் துகள் பல மடங்கு அதிகம்.

பிப்ரவரி 8

நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி இடித்து, இரண்டு மேசைக்கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்து வாளியில் ஊற்றிக் கலக்கினேன். இரண்டு நிமிடத்தில் எலுமிச்சை பிழிந்த பால்போல் திரியத் தொடங்கியது. பிறகு ஒன்றரைத் தேக்கரண்டி நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தேன். படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும், சுண்ணாம்பு அதைச் சமன் செய்யும். அந்த நேரத்தில்தான் திரிந்த துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து அடியில் இறங்கும். முதலில் படிகாரம், பிறகு சுண்ணாம்பு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை வாளிக்குள் எட்டிப் பார்த்தபோது என் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்ப முடியவில்லை. மேலே முக்கால் வாளி தெளிந்த தண்ணீர், அடியில் மஞ்சள் களி. மீன் தொட்டிக்காக வைத்திருந்த pH சோதனைத் தாளை முக்கினேன், 7 காட்டியது, அதாவது புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிந்தேன். ஒரு கைப்பிடி அளவுக் களிதான் மிச்சம். அதுவும் வெயிலில் உலர்ந்து கொழுக்கட்டைபோல் ஆகிவிட்டது. பத்து லிட்டர் தண்ணீரைக் கலக்கியது இவ்வளவுதான்!

தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றவில்லை. பெயின்ட்டில் கிருமிகொல்லி சேர்த்திருப்பார்கள், கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் அது போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. அடுத்த முறை பிரஷ்ஷை முதல் அலசு அலசவும், பின்பு படி உடைந்த இடத்தில் சிமென்ட் குழைக்கவும் பயன்படுத்தித் தீர்த்தேன். பிரஷ்ஷைக் கழுவும் முன் செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டால் படிகாரமும் பாதிதான் தேவைப்படுகிறது.

பிப்ரவரி 22

எனாமல் பக்கம் வந்தேன். புதிய டப்பாவில் இருந்த கறுப்பு, பக்கத்து வீட்டுக் கேட்டுக்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது. பிரஷ் கழுவிய டர்பன்டைனைக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி இரண்டு வாரம் அசைக்காமல் வைத்தேன். பெயின்ட் அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மெல்ல இறுத்துக்கொண்டேன். மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்தது.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவில்லை. எண்ணெய்ப் பெயின்ட் காயும்போது சூடு உண்டாகும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கலாம், ஆளிவிதை எண்ணெய் என்றால் இன்னும் ஆபத்து. கொடியில் ஒற்றையாக விரித்து விறைக்கும்வரை காயவைத்தேன்.

இரண்டாவது டப்பா 2012இல் தயாரானது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் எவ்வளவு இருக்கும் என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. குழந்தைகள் ஓடும் வீட்டில் இதை யாருக்கும் தர மாட்டேன், காயவைக்கவும் மாட்டேன். மூடியை மரச் சுத்தியலால் தட்டி இறுக்கி, 'பழைய எனாமல், ஈயம் இருக்கலாம்' என்று எழுதி ஒட்டி, அடுப்புப் பக்கம் இல்லாத பரணில் ஏற்றினேன்.

மார்ச் 1

காய்ந்த காலி டப்பாக்களைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சாய்த்துப் பார்த்தே வாங்கினார். இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி சிமென்ட் குழைக்க. அரிசியோ மாவோ குடிதண்ணீரோ வைக்கத் தயவுசெய்து யாரும் அதை எடுக்க வேண்டாம்.

காய்ந்த படலங்களையும் மஞ்சள் கொழுக்கட்டைகளையும் தனிப்பையில் கட்டி, குப்பை வண்டியில் வரும் அக்காவிடம் இன்னது என்று சொல்லிக் கொடுத்தேன். அப்போது நடைமுறையில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்றே குறித்தன. மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் சேராமல் தனியாகத் தரவேண்டியது அது. அக்கா பையை வண்டியின் பக்கவாட்டில் தனியாக மாட்டினார். தளும்பும் பெயின்ட்டைச் சிலர் வண்டியில் கொட்டிவிட, அது தன் கையிலும் சேலையிலும் பட்டு எரிந்த நாள்கள் உண்டு என்றார். பரணில் இருக்கும் எனாமலைப் பற்றிக் கேட்டேன். மேற்பார்வையாளரிடம் கேட்டுவந்து சொல்கிறேன், அதுவரை மூடி திறக்காமல் வைத்திருங்கள் தம்பி என்றார்.