ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் அனுப்புகிறவள்

ஆகஸ்ட் 2, 2024, வெள்ளி

நாளைக்கு ஆடிப்பெருக்கு. எங்கள் கான்ட்ராக்ட் ஆபீசிலிருந்து ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றுக்கு, காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஏ ஷிப்டில் 40 பேரை அனுப்ப வேண்டும். ராத்திரி ஒன்பது மணி வரை போன் பண்ணியதில் வருகிறேன் என்றவர்கள் 26 பேர். ஆடி மாதம் முழுக்க இதே கதைதான். எங்கள் பிள்ளைகள் செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் பக்கத்துக்காரர்கள். ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற அன்று பஸ் ஏற மாட்டார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் காலையில் ஆள் இல்லாமல் லைன் நின்றால், ஹெச்.ஆர். முதலில் கூப்பிடுவது என்னைத்தான்.

ஆகஸ்ட் 3, சனி

33 பேர் வந்தார்கள். மீதி ஏழு இடத்துக்கு, நைட் ஷிப்ட் முடித்துக் கிளம்பியவர்களையே ஓவர்டைமில் நிறுத்திக்கொண்டார்கள். அதில் போளூர்த் தம்பி ஒருவன். மத்தியானம் மெசேஜ் போட்டிருந்தான்: "அக்கா, கால் ரெண்டும் மரத்துப்போச்சு. நாளைக்கு என்னைக் கூப்பிடாதீங்க." கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

சம்பளம் போட வேண்டிய கடைசி நாள். கம்பெனி எங்கள் பில்லுக்கு 45 நாள் கழித்துத்தான் பணம் தரும். இந்த முறை அதுவும் தாண்டிவிட்டது. முதலாளி கடன் வாங்கிப் புரட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு எல்லார் கணக்கிலும் ஏற்றினோம். அப்புறம்தான் எனக்குச் சாப்பாடே இறங்கியது.

ஏறியதும் போன்கள் ஆரம்பித்தன. "15,000னு சொன்னீங்களே அக்கா, 12,947தான் வந்திருக்கு?" கேட்டவள் புதுசாகச் சேர்ந்த பெண். பே ஸ்லிப்பை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னேன். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 12,000. அதில் 12 சதவீதம் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி, 1,440. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 113. கேன்டீன் 500. "பி.எஃப். உன் பணம்தான்மா, உன் பேரில்தான் இருக்கும், அதே அளவு எங்கள் பக்கமிருந்தும் கட்டுவோம்" என்றேன். சேரும்போதே கையில் எவ்வளவு வரும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் போய் ஆள் பிடிக்கிற எங்கள் பையன்கள் மொத்தத் தொகையை மட்டும் சொல்லிவிடுகிறார்கள். இதில் எனக்கு நிஜமாகவே கோபம். நாளைக்கு மீட்டிங்கில் பேசப் போகிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஜாயினிங் 11 பேர். ஒரு பையனுக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க்‌ஷீட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். இன்றைக்கு இதை விட்டால், அவன் வேலையை விட்டு நிற்கும் நாளில் பி.எஃப். கிளெய்ம் ரிஜெக்ட் ஆகும். போன வருஷம் ஒரு அக்காவுக்கு ஒரே ஒரு எழுத்துக்காக இரண்டு முறை திரும்பி வந்தது. ஜாயின்ட் டிக்ளரேஷன் என்கிற பெயர் திருத்தும் படிவத்தில் நாங்களும் அவரும் கையெழுத்துப் போட்டு, திருத்தி வாங்குவதற்குள் அவர் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டும் தேதி போய்விட்டது. அதிலிருந்து பெயரை நானே எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன்.

ஈ.எஸ்.ஐ. நம்பர் போடாமல் யாரையும் கேட்டுக்குள் அனுப்புவதில்லை. பதிவு பண்ணப் பத்து நாள் அவகாசம் இருக்கிறதே, அதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், எதற்கு வீண் வேலை என்று ஆபீசில் சொல்கிறார்கள். நான் கேட்பதில்லை. அந்த மூன்று பெயர்ப் பையனுக்கும் நம்பர் போட்டுவிட்டுத்தான் கேட் பாஸ் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

அவன்தான். வேலைக்கு வந்து மூன்றாவது நாள். டிராலிக்கும் ரேக்குக்கும் நடுவில் இடது கை மோதிர விரல் மாட்டி நசுங்கிவிட்டது. நான் போனபோது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டுக்கு மேலே ரத்தம் ஊறியிருந்தது. "அம்மாகிட்ட சொல்லாதீங்க அக்கா. திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

விபத்து அறிக்கையை இன்று ராத்திரியே அனுப்பிவிட்டேன். வேலையில் அடிபட்டால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே, வேலைக்கு வர முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் ஈ.எஸ்.ஐ. கொடுக்கும்.

அம்மாவிடம் அவனையே பேச வைத்தேன். அப்புறம் போனை வாங்கி நானும் பேசினேன். அந்தம்மா அழவில்லை. "சாப்பிட்டானா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. 40க்கு 41 பேர்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் ஆபீஸ் படிக்கட்டில் அந்தப் பையன் நின்றிருந்தான். நகம் இன்னும் வளரவில்லை, விரல் நுனி ரோஜா நிறத்தில் இருந்தது. ஈ.எஸ்.ஐ. பணம் கணக்கில் ஏறிய மெசேஜைக் காட்டினான். பாஸ்புக்கிலும் பெயரை ஆதார் மாதிரியே மாற்றிவிட்டானாம், அதையும் விரித்துக் காட்டினான். ஃபிட்னஸ் சர்டிபிகேட்டை வாங்கி ஃபைலில் வைத்தேன். சூப்பர்வைசரிடம் பேசி, கொஞ்ச நாளைக்குப் பேக்கிங்கில் போடச் சொல்லியிருக்கிறேன்.

"எந்த ஷிப்ட் அக்கா?" என்றான்.

நாளைக்கு ஏ ஷிப்ட். ஐந்தே காலுக்கு வாலாஜாபாத்தில் பஸ்.