தளபதி வாலை உருவினான்

லீவு நாள், காலை பத்து மணி. வீட்டில் யாரும் இல்லை. கதை எழுத முழு நாளும் கையில் இருக்கிறது. எழுதுகிறவருக்கு இதைவிட ஆபத்தான நிலைமை கிடையாது.

நம்மவர் முதலில் மேஜையைத் துடைப்பார். துடைத்த மேஜையில் பேனா ஸ்டாண்டு கோணலாகத் தெரியும், அதை நிமிர்த்துவார். அடுத்தது ஃபான்ட். எழுதாத கதையின் தலைப்பைப் பன்னிரண்டு ஃபான்ட்டில் மாற்றி மாற்றிப் பார்ப்பார். கதையில் ஒரு ரயில் வருகிறதே, அது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று தேடப் போய், நீராவி என்ஜின் எப்படி ஓடுகிறது என்பதை முழுதாகக் கற்றுக்கொண்டு திரும்பும்போது மணி ஒன்றரை. ஃபைலில் ‘அன்று மழை’ என்று இரண்டு சொல் இருக்கும். மழை தேவையா என்ற சந்தேகமும் அப்போதுதான் வரும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சரியில்லை. மேஜை துடைப்பது எப்போது முடியும் என்று தெரியும், கதை எப்போது முடியும் என்று தெரியாது. கை தானாகத் துணியைத்தான் எடுக்கும். கதைக்கும் ஒரு முடியும் நேரம் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலோப் 19ஆம் நூற்றாண்டில் தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு உட்காருவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு 250 சொல். முதல் அரை மணி முந்தைய நாள் எழுதியதைப் படிக்க. இப்படி 47 நாவல். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காலையில் எழுப்பிவிடுவதற்கென்றே வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அலாரத்தை அணைத்துவிடலாம், சம்பளம் வாங்கியவரை அணைக்க முடியாது.

அவர் கணக்கு நமக்கு ஒத்துவராது. ‘வீட்டுக்குள்ளிருந்துதான்’ என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நான்கைந்து வேண்டும். நாளைக்கு 25 நிமிடம், 200 சொல் என்று வைத்துக்கொண்டால் போதும். வாரம் ஐந்து நாள் என்றால் 1,000 சொல். 2,500 சொல் சிறுகதையின் முதல் பிரதி இரண்டரை வாரத்தில் வந்துவிடும். ஃபோன் பக்கத்து அறையில் இருக்கட்டும். சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதாது, கவிழ்ந்து கிடக்கும் ஃபோன்தான் அதிகம் கூப்பிடும். ரயில் நேரம் மாதிரி ஏதாவது தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் இரண்டு நட்சத்திரக் குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். பிறகு நட்சத்திரத்தைத் தேடினால் சந்தேகங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தலாம் என்று சொல்வார்கள். நல்ல யோசனைதான், மறுநாள் தொடங்கச் சுலபம். ஆனால் ‘அவள் கதவைத் திறந்ததும்’ என்று நிறுத்திவிட்டு மறுநாள் வந்தால், கதவுக்குப் பின்னால் யார் நின்றார் என்பது மறந்திருக்கும். அவளும் திறந்த கதவோடு ஒரு மாதம் நிற்பாள். அதனால் கீழே ஒரு வரி எழுதி வையுங்கள்: ‘வெளியே தம்பி, கையில் பெட்டி, பேச மாட்டான்.’

கற்பனை ஊற்றெடுக்கும் நேரம் பெரும்பாலும் குளிக்கும்போதும் நடக்கும்போதும்தான், அதாவது கையில் பேனா இல்லாதபோது. வெளியே வந்ததும் நம்மவர் குறித்து வைப்பார்: ‘சிவப்புக் குடை. மாமா. முக்கியம்!!!’ மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று ஆச்சரியக்குறிக்கும் அர்த்தம் தெரியாது. குறிப்பு என்றால் யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று மூன்றும் உள்ள முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ‘செத்துப்போன மனைவியின் குடையை மாமா விரிக்க விடமாட்டார், அன்று மழை.’ இதை வைத்து நாளைக்கே உட்காரலாம். (மழை தேவைதான் போலிருக்கிறது.)

முதல் பிரதி முடிந்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். மறுநாளே திறந்தால் தாளில் இருப்பதைப் படிக்க மாட்டோம், மனதில் இருப்பதைத்தான் படிப்போம். திருத்துவதிலும் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு: முதல் பத்தியை நாற்பது முறை மெருகேற்றுவது. பல கதைகளில் வெட்ட வேண்டியதே அந்தப் பத்திதான். அதைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லையா, வெட்டுங்கள். நெஞ்சு பொறுக்காவிட்டால் ‘கிடங்கு’ என்று ஒரு ஃபைல் திறந்து அங்கே போட்டு வையுங்கள். யாரும் அதைத் திரும்பித் திறப்பதில்லை, மனசு மட்டும் ஆறும்.

காட்சிகள் சரியான பிறகு சத்தமாக வாசிக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும்.

‘கதிர் எழுந்தான். ஜன்னலைத் திறந்தான். தெருவைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.’

நான்கு வாக்கியம், நான்கு ‘ஆன்’. கதிர் டிரில் எடுப்பதுபோல் கேட்கும். ‘கதிர் எழுந்து ஜன்னலைத் திறந்தான். தெருவில் யாரும் இல்லை.’ பெருமூச்சை வாசகர் விட்டுக்கொள்வார். அடுத்து ‘ஒரு’வைத் தேடுங்கள். ‘ஒரு மாலையில் ஒரு பூங்காவில் ஒரு பெண்’ என்று கணக்கெடுப்பு மாதிரி வந்திருக்கும். ‘திடீரென்று’ ஐந்து இடத்தில் இருந்தால் நாலை எடுத்துவிடலாம். ஆறாவது பக்கத்தில் எதுவும் திடீரென்று நடப்பதில்லை.

எழுத்துப் பிழை கடைசியில்தான். முன்பே பார்த்தால், வெட்டப்போகும் பத்திக்கு ஒற்று சரிபார்த்துக்கொண்டிருப்போம். பிழைதிருத்தியை முழுதாக நம்பவும் முடியாது, தவறான சொல்லும் அகராதியில் உள்ள சொல்லாக இருந்தால் பேசாமல் விட்டுவிடும். ‘தளபதி வாலை உருவினான்’ என்பதில் அதற்கு ஆட்சேபணை இல்லை. வாய்ஸ் டைப்பிங்கில் எழுதியதென்றால் இன்னும் கவனம் வேண்டும், நள்ளிரவில் அவளைக் ‘கிளி’ பிடித்திருக்கும். வாள்-வால், கிலி-கிளி, அறை-அரை, கறை-கரை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதுதான் வழி.

பிறகு ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள், அதை வைத்து ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது. எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள், யார் பெயர் ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள்.

‘எட்டாம் பக்கத்தில் அப்படியே தூங்கிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.’

நம்மவர் முகம் சுருங்கும். ஒரு வாரம் அவரோடு பேசக்கூட மாட்டார். அப்புறம் எட்டாம் பக்கத்தை எடுத்துப் பார்ப்பார். நீராவி என்ஜின் எப்படி ஓடுகிறது என்று அங்கே முக்கால் பக்கத்துக்கு எழுதியிருக்கும்.