தீப்பொறிக்குக் காத்திருக்கும் வாயு

பள்ளி ஆய்வகத்தில், துத்தநாகத் துண்டுகள் அமிலத்தில் நுரைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்ட சோதனைக்குழாயின் வாயருகே எரியும் குச்சியை நீட்டியபோது ‘பட்’டென்று எழுந்த ஓசை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆனால், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அறை வெப்பநிலையில் கலந்து வைத்தாலும், தீப்பொறி படாதவரை கண்ணுக்குத் தெரிய எதுவும் நடப்பதில்லை என்பதே எனக்குப் பெரிய வியப்பு. காரணம், ஹைட்ரஜன் மூலக்கூறின் இரு அணுக்களையும் இணைக்கும் வலுவான பிணைப்பு; அதை முறிக்க ஒரு மோலுக்கு, அதாவது சுமார் இரண்டு கிராம் ஹைட்ரஜனுக்கு, ஏறத்தாழ 436 கிலோஜூல் ஆற்றல் வேண்டும்.

1823-இல், ஜெர்மனியின் யேனா நகரில் வேதியியலாளர் டோபரைனர், நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜனைக் காற்றோடு பீய்ச்சியபோது, நெருப்பே இல்லாமல் அந்த உலோகம் கனன்று வாயுவைப் பற்றவைத்தது. பிளாட்டினப் பரப்பில் ஒட்டியதும் ஹைட்ரஜன் தனி அணுக்களாகப் பிரிந்து, அங்கே ஒட்டியிருக்கும் ஆக்சிஜனுடன் எளிதில் சேர்ந்து நீராகிறது; அப்போது வெளிப்படும் வெப்பமே உலோகத்தைச் சூடேற்றுகிறது. பிளாட்டினமோ செலவாவதில்லை.