பிராடாக் எஃகு ஆலைக்கு வந்த ஒரு ஸ்லோவாக் தாத்தாவைத் தேடிய வழி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் அருகே மன்ரோவில்லில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய தாத்தா ஐரோப்பாவிலிருந்து வந்து பிராடாக் எஃகு ஆலையில் உழைத்தவர். ஆனால் எந்த ஊர்க்காரர் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தேடித் தர முடியுமா என்று கேட்டார். இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவட்டும் என்று அந்த வழியை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில், குடியேற வந்தவர்களை விசாரித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவின் கப்பல் பயணிகள் பட்டியலைத்தான் திறப்பார்கள். 1892 முதல் 1954 வரை அங்கே வந்து இறங்கியவர்கள் சுமார் 1.2 கோடிப் பேர். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயரில் ஆட்கள் வரிசையாக வருவார்கள். அதனால் கடைசி ஆவணத்திலிருந்து பின்னோக்கிப் போவதுதான் சரி. பென்சில்வேனியாவில் 1906-க்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழ்களில், 50 ஆண்டு கடந்தவற்றை யாரும் பார்க்கலாம். அதில் பெற்றோர் பெயர் கிடைத்தது. பிறந்த நாடு 'ஆஸ்திரியா' என்று மட்டும் இருந்தது. அடுத்து முதல் உலகப் போர்க்கால ராணுவப் பதிவு அட்டை. 1917, 1918-ல் குடியுரிமை பெறாதவர்களும் பதிய வேண்டியிருந்தது. ஆலையும் வீட்டு முகவரியும் அதில் வந்துவிட்டன.

ஊர்ப் பெயரைத் தந்தது கிறிஸ்தவக் கோயில்தான். ஸ்லோவாக் மக்களின் பங்குக் கோயில்களுக்குச் சொந்த மொழி பேசும் குருக்கள் இருந்ததால், திருமணப் பதிவேட்டில் மணமக்களின் கிராமத்தையே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு சிக்கல் வரும். அன்று ஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. இன்றைய பிரெஷோவ் நகரம் அன்றைய ஆவணங்களில் எபெர்யெஷ், பார்தெயோவ் நகரம் பார்ட்ஃபா. கிராமத்தின் இரண்டு பெயர்களையும் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கப்பல் பட்டியலில் ஆள் அகப்பட்டார். எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டதாகப் பல குடும்பங்களில் சொல்வார்கள். அது சரியல்ல. பட்டியலை எழுதியவர்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள், அதுவும் புறப்பட்ட துறைமுகத்திலேயே. தீவில் அதை வைத்து விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

தாத்தா ஜெர்மனியின் பிரெமனில் கப்பலேறியது 1909-ல். 'முன்பு அமெரிக்காவில் இருந்ததுண்டா' என்ற கட்டத்தில் 1903 முதல் 1907 வரை, பிராடாக் என்றிருந்தது. அந்த அம்மாளுக்கு இது முற்றிலும் புதுச் செய்தி. 1907 அக்டோபரில் வங்கிகள் ஆட்டம் கண்டு வேலைகள் போனபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். இவரும் திரும்பி, நிலைமை தேறியதும் மறுபடி வந்திருக்கிறார். ஒருமுறை வந்து நிலைத்துவிட்டவர்கள் என்று நாம் நினைக்கும் பலர் இப்படிப் போய்வந்து இருந்தவர்களே.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது 1910 சென்சஸ் பக்கம். நம் ஆளின் வரியோடு நிறுத்தாமல் முழுப் பக்கத்தையும் படியுங்கள். ஒரு சின்ன வீட்டில் கணவன், மனைவி, குழந்தைகள், கூடவே வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள். தாய்மொழிக் கட்டத்தில் ஸ்லோவாக், மேலும் கீழும் போலிஷ், மஜார் (ஹங்கேரிய மொழி). வேலை என்ற இடத்தில் வரிக்கு வரி 'கூலி, எஃகு ஆலை'. 12 மணி நேர ஷிப்ட் நடந்த காலம். பகல் ஷிப்ட்காரர் எழுந்த கட்டிலில் இரவு ஷிப்ட்காரர் படுப்பார். இத்தனை பேருக்கும் சமைத்து, துவைத்து, வீட்டுக்கு வருமானம் சேர்த்த மனைவியின் பெயருக்கு எதிரே 'வேலை: இல்லை'. அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அந்த ஆலை நகரத்தை நிற்கவைத்ததில் அந்தப் பெண்களின் பங்கு பாதிக்குக் குறையாது.

ஆலையில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் மாநிலச் சட்டம் 1915-ல்தான் நிறைவேறியது. அதற்கு வெகு முன்பே, 1890-ல், கிளீவ்லாந்தில் யெட்நோட்டா என்ற ஸ்லோவாக் கத்தோலிக்கச் சங்கமும், பிட்ஸ்பர்க்கில் தேசிய ஸ்லோவாக் சங்கமும் தொடங்கியிருந்தன. உறுப்பினர் மாதச் சந்தா கட்டுவார். இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். இந்தச் சங்கங்களின் காப்பீட்டு விண்ணப்பங்களையும் விட்டுவிடாதீர்கள். வாரிசுகளின் பெயர்கள் கிடைக்கும்.

பாட்டியைத் தேடுவதுதான் கடினம். 1922 வரை கணவர் குடியுரிமை பெற்றால் மனைவியும் தானாகவே குடிமகள். அவருக்கென்று தனி மனு இருக்காது. இப்போது கிராமம் தெரிந்துவிட்டதால், ஸ்லோவாக்கியாவின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகப் பார்த்து வருகிறோம். லத்தீன், ஹங்கேரியக் கையெழுத்து. ஒரு பக்கத்துக்கே நேரம் பிடிக்கிறது. தாத்தாவின் குடியுரிமைக் கோப்புக்கும் பணம் கட்டி விண்ணப்பித்திருக்கிறோம். வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அதை முதலிலேயே அனுப்பிவிட்டு மற்ற தேடலைத் தொடருங்கள்.