கச்சானுக்கு முன்: மண்டபம் நாட்குறிப்பு

ஏப்ரல் 15, 2024

இன்றிலிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது, வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. சாயங்காலத்துக்கு மேல் போன் நிற்கவே இல்லை. அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா அறிவித்துவிட்டது: உலகளாவிய பவள வெளிறல் (சூட்டில் பவளம் உள்ளே வாழும் பாசியை இழந்து வெளுப்பது), நான்காவது முறை. 1998, 2010, 2014–17, இப்போது இது. குறைந்தது 53 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் வெளிறியிருக்கிறது. உலகப் பவளப் பரப்பில் பாதிக்கும் மேல், 54 சதவீதத்தைத் தாண்டி, வெளிற வைக்கும் அளவுக்குச் சூடு பட்டிருக்கிறது. ஆளாளுக்கு அதையே அனுப்புகிறார்கள், கூடவே அழுகிற பொம்மை. நமக்கு இனிமேல்தான். மன்னார் வளைகுடா சூடேறுவது சித்திரை வைகாசியில், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்வரை.

ஏப்ரல் 17

காற்று இல்லை.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட ஊருக்குப் போகவில்லை. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போட்டார் என்பதை மட்டும் விலாவாரியாகச் சொன்னாள்.

ஏப்ரல் 22

தூக்கம் வராததால் எழுதுகிறேன். அந்த எண்தான் காரணம்.

வெப்ப வாரக் கணக்கு எங்கள் வேலையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஓரிடத்தின் கடலுக்கு வருஷத்திலேயே சூடான மாதத்தின் சராசரியை எடுத்துக்கொள். இன்றைய சூடு அதைவிட எத்தனை டிகிரி கூட என்று பார். கடைசி 12 வாரத்துக்கும் கூட்டு. 4 வந்தால் வெளிறும், 8 வந்தால் சாகத் தொடங்கும். இதுவரை சரி. ஆனால் மிச்சம் ஒரு டிகிரிக்குக் குறைவாக இருந்தால் கணக்கிலேயே சேராது. 12 வாரமும் 0.9 டிகிரி கூடுதலாகவே இருந்தாலும் விடை பூஜ்யம். அதே 12 வாரமும் 1.0 என்றால் விடை 12. நடுவில் இருப்பது பத்தில் ஒரு டிகிரி. ஒரு பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை, மறுபக்கம் பவளப் பாரே போய்விட்டது. எந்தப் பவளம் இப்படிப் படிக்கட்டு வைத்து வாழ்கிறது?

எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெயில் நாளுக்கும் எச்சரிக்கை மணி அடிக்கும் என்பார் ஆய்வை நடத்தும் எங்கள் சார். நியாயம்தான். உலகம் முழுவதும் அந்தக் கோடு உருப்படியாகவே வேலை செய்திருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு 0.9 வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொள்கிறது.

ஏப்ரல் 27

0.9.

மே 1

இன்னொன்று. அந்தச் ‘சராசரி’ எந்தக் கடலின் சராசரி? 1980களின் கடைசியை ஒட்டி நிறுத்தி வைத்த கடல். நான் பிறப்பதற்கு முன்னால் இருந்த தண்ணீர். இன்றைய கடலை அதோடுதான் ஒப்பிடுகிறோம். மாற்றவும் கூடாது. அடிப்படையை இன்றைய சூட்டுக்கு ஏற்றினால் நோவாவின் வெப்ப வரைபடம் குளுகுளுவென்று நீலமாகிவிடும், பவளம் அடியில் வெந்துகொண்டிருக்கும்.

அப்புறம், செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கண் பார்ப்பது கடலின் மேல்தோலை மட்டும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நம் பார் இருப்பது மூன்று மீட்டர் கீழே. கட்டம் ஒன்றுக்கு 5 கிலோமீட்டர். குருசடை, மனோலி போன்ற குட்டித் தீவுகள் அதற்குள் எம்மாத்திரம்? அதனால்தான் அடியில் லாகர், அதாவது சூட்டைப் பதிவு செய்யும் கருவி, கட்டி வைத்திருக்கிறோம். எடுத்துப் பார்க்கும்வரை அதில் என்ன பதிவாகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மே 4

கத்திரி ஆரம்பம். மின்விசிறியும் சூட்டைத்தான் வீசுகிறது.

மே 8

இறங்கினோம். தண்ணீர் பயங்கரத் தெளிவு. அலையே இல்லை. தெளிவாக இருந்தால் வெயில் நேராக அடிவரை இறங்கும், அதுவும் சேர்ந்துதான் பவளத்தைப் படுத்துகிறது. சூடு மட்டும் போதாது, வெளிச்சமும் சேரவேண்டும்.

கிளை கிளையாக வளரும் மான்கொம்புப் பவளம் முதலில் போகும் என்று தெரியும். ஆனால் இது வெள்ளை இல்லை. நுனிகள் ஊதா, ஒளிரும் ஊதா. கூட வந்த பையன், “அக்கா, சூப்பரா இருக்குக்கா” என்றான், கேமராவைக் கீழே வைக்கவே இல்லை. அழகாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதைப் பற்றி 2020இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் எழுதியிருக்கிறார்கள். உள்ளே குடியிருந்த பாசி போய்விட்டால், வந்த வெளிச்சத்தைக் குடிக்க ஆளில்லை. வெள்ளை எலும்பில் பட்டு அது உள்ளேயே சிதறித் திரிகிறது. அந்த நீல ஒளி கூடக்கூடப் பவளம் வண்ணப் புரதங்களைச் சுரந்து தன்னைத்தானே போர்த்திக்கொள்கிறது. நிழல் விழுந்தால் பாசி திரும்பி வர வழி கிடைக்கும். சூடு அளவோடு இருந்தாலோ கொஞ்சகாலமே இருந்தாலோதான் இந்த நிறம் வரும், ஒரேயடியாக வெந்தால் வராது என்கிறார்கள். அப்படியென்றால் ஊதா நல்ல செய்தி. பாதி நல்ல செய்தி.

போரிட்டிஸ் என்கிற பாறை போன்ற பவளங்கள் அப்படியே பழுப்பாக இருந்தன. அவற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சார் செய்தி அனுப்பியிருந்தார்: “எத்தனை சதவீதம்?”

மே 9

டேப் போட்டு அளக்காமல் சதவீதம் சொல்ல மாட்டேன்.

மே 13

ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம். செவ்வாய்க்கிழமை என்றார்கள், எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

மே 17

குற்றாலத்தில் வெள்ளம். பழைய அருவியில் ஒரு பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேற்கே அங்கே அவ்வளவு மழை, இங்கே மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மழை வேண்டும் என்று இனி எழுத மாட்டேன்.

மே 21

படகுக்கார அண்ணன் சொன்னார்: “கச்சான் புடிச்சா கடல் தானா ஆறிரும் தங்கச்சி. ஒண்ணும் பொலம்பாத.”

அதையே கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் கடல்நீரை ஒரு டிகிரி இறக்க சுமார் 4 மெகாஜூல் வெளியேறவேண்டும். மூன்று மீட்டர் ஆழத்துக்கு, சதுர மீட்டருக்கு 12. தண்ணீர் ஆவியாகும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 2.4 மெகாஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. ஐந்து மில்லிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ, ஆவியானால் 12. முடிந்தது, ஒரு டிகிரி. காற்று நன்றாக அடித்தால் ஒரு நாளில் அவ்வளவு போகும். எதிர்ப்பக்கம் சூரியன் ஊற்றிக்கொண்டேதான் இருக்கும், நீரோட்டம் வேறு கொண்டுவரும், அதெல்லாம் இதில் இல்லை. ஆனாலும் ஐந்து மில்லிமீட்டர்! ரசம் ஆற வாயால் ஊதுகிற அதே வேலை.

அண்ணனிடம் தாளைக் காட்டினேன். “இதத்தான நானும் சொன்னேன்” என்றார்.

மே 24

வெள்ளை. ஊதா இருந்த இடத்தில் சுத்த வெள்ளை. இறக்கவில்லை, சதை கண்ணாடி மாதிரி இருக்கிறது, உற்றுப் பார்த்தால் வாய்கள் தெரிகின்றன. பட்டினி. சாப்பாட்டில் தொண்ணூறு சதவீதம் வரை போட்ட பாசி இல்லை.

அளந்தாயிற்று. அனுப்பியாயிற்று. அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

மே 30

கேரளாவில் பருவமழை இறங்கிவிட்டது. இங்கே கொடிக்கயிற்றில் துண்டு ஆடுகிறது! காலையிலிருந்து அதையே பார்க்கிறேன்.

ஜூன் 3

கச்சான். மணலை வாரி அடிக்கிறது, சோற்றில் மண். சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

வரைபடத்தைத் திறந்தால் இன்னும் அதே சிவப்பு. இறங்காது. மேயில் சேர்ந்த சூடு 12 வாரம் கழித்துத்தான் கூட்டலிலிருந்து உதிரும், ஆகஸ்ட் ஆகிவிடும். தண்ணீர் ஆறினாலும் எண் ஆறாது. முன்பு 0.9க்காக அதனுடன் சண்டை போட்டேன். இந்த விஷயத்தில் எண் செய்வதுதான் சரி என்று தோன்றுகிறது. பவளமும் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

ஜூன் 5

செவ்வாய் போய்விட்டது. அம்மா தேர்தல் முடிவைப் பற்றித்தான் பேசினாள். நானும் அதையே பேசினேன்.

ஜூன் 7

தென்கடலில், மன்னார் வளைகுடாப் பக்கம், வத்தை என்கிற சின்னப் படகை இறக்க முடியாது என்றார் அண்ணன். அலை அப்படி. இறங்கினாலும் கலங்கல், கை நீட்டினால் விரல் தெரியாது. லாகர் அடியில். மான்கொம்பு செத்து அதன்மேல் பச்சைப் பாசி படர்ந்துவிட்டதா, பிழைத்துப் பழுப்பு திரும்புகிறதா, இரண்டில் ஒன்று இந்நேரம் நடந்திருக்கும். வடகடல், பாக் விரிகுடாப் பக்கம், அமைதியாக இருக்கிறது, அங்கே எனக்கு வேலை இல்லை.

ஜூன் 8

இன்றும் படகு இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார். சார் பழைய தேதிப் படங்களைக் கேட்கிறார், எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதோ.