துணியில் பிழை இல்லை

மட்டக்களப்பு, கல்லடிக் கடற்காற்றில் கூரை மடங்கும் காரை வைத்திருப்பவனுக்கு எஞ்சினைவிடக் கூரைதான் பெரும்பாடு. எங்கள் வீட்டில் நிற்பது மொரிஸ் மைனர் டூரர். மைனர் 1948இல் இங்கிலாந்தில் வந்த கார். எங்களுடையது 948 சிசி எஞ்சின் உள்ள மைனர் 1000. கூரைக்கு மோட்டரும் இல்லை, ஹைட்ரோலிக்கும் இல்லை. மடங்கும் சட்டம், குறுக்கே வளைவுகள், மேலே துணி. கையால் இழுத்து, முன்கண்ணாடிக்கு மேலே கொக்கிகளை மாட்டினால் சரி.

கொஞ்ச நாளாக வலது பக்கக் கொக்கி எட்டவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் "துணி சுருங்கிட்டு, புதுசு தைங்க" என்றார்கள். காத்தான்குடியில் சீட் தைக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் துணியைத் தொடவே இல்லை. சட்டத்தின் பின் மூட்டைப் பிடித்து ஆட்டினார். "தம்பி, துணியில பிழை இல்ல. எலும்பு ஆடுது பாருங்க."

அந்த மூட்டைப் பிடித்திருந்த ரிவிட் ஆணியைத் துளைத்து எடுத்தோம். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தது; உள்ளே செம்மண் நிறத்தில் துருத்தூள். பின் மூட்டில் அரை மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தாலே முன் நுனியில் அது பல மடங்காகிவிடும். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தோம், இரண்டு அளவும் ஒத்துவரவில்லை. சட்டமே கோணல்.

துளையை வெல்டிங் பண்ணி நிரப்பி, அரத்தால் மட்டமாக்கி, திரும்பத் துளைத்தோம். ரிவிட்டுக்குப் பதிலாக லேத்தில் கடைந்த போல்ட். அதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரண போல்ட்டை இறுக்கினால் மூட்டு மடங்காது, தளர்த்தினால் பழையபடி ஆடும். ஆகவே நடுப்பகுதியைத் தடிப்பாக, மூட்டின் தடிப்பைவிட மயிரிழை நீளமாகக் கடைய வேண்டும். நட்டு அந்தத் தடிப்பில் போய் முட்டி நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் சட்டம் தாராளமாக மடங்கும். இடையில் பித்தளை வாஷர்.

வளைவுகளை இடைவெளி மாறாமல் பிடித்திருக்கும் பட்டிகளும் தொய்ந்திருந்தன. அவற்றைக் காக்கா புதிதாகத் தைத்தார். மேலே போட்டது பழைய துணியேதான். இப்போது இரண்டு கொக்கியும் ஒற்றை விரலில் மாட்டுப்படுகின்றன! காக்காவின் கைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

மூட்டுகளுக்குக் கிரீஸ் பூசுவதில்லை. கடற்கரை மணல் அதில் ஒட்டினால் இரும்பை அரைத்துவிடும். மெல்லிய எண்ணெய் விட்டுத் துடைப்பதோடு சரி. மாரியில் நனைந்த கூரையைக் காயாமல் மடிப்பதும் இல்லை.

பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளித்துப் போயிருக்கிறது, அடுத்தது அதுதான். வலது கொக்கியும் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. பழைய மைனரில் கழற்றியது யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.